பக்கத்துக் கட்டில்

முதல்முறையாக யோகா ஆசிரமத்துக்கு வந்திருந்தவன், மூன்றாம் நாள் காலை சிவந்த கண்களோடு மேலாளர் முன் நின்றான்.

“இன்னுமா தூங்கல தம்பி? பக்கத்துக் கட்டில் பெரியவரைத்தான் நேத்தே வேற அறைக்கு மாத்திட்டேனே. அவர் குறட்டைக்கு ரயில் எஞ்சினே தோத்துடும்.”

“அவரைத் திரும்ப என் அறைக்கே அனுப்புங்க சார்.”

மேலாளர் சிரித்தார். “உங்க காது என்ன பாவம் பண்ணுச்சு?”

“அவர் இருந்தப்பதான் தூங்கினேன். என் மனைவியும் இப்படித்தான் குறட்டை விடுவா. அவ இறந்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல.”

மேலாளரின் சிரிப்பு நின்றது.

“எல்லாருக்கும் தொந்தரவா இருக்கேன்னு அவர் விடிஞ்சதுமே கிளம்பிட்டாரே தம்பி.”

திரும்பி நடக்கப்போனவனை மேலாளர் நிறுத்தினார்.

“படுத்ததும் மூச்சைக் கவனிங்க. தானா தூக்கம் வரும்.”

“கவனிச்சேன் சார். என்னோடது மட்டும்தான் கேக்குது.”