நாயின் கழுத்துப்பட்டை

டண்டீ நகரத்துச் சிறுவர் வார இதழ் அலுவலகத்தில் மணி மூன்றே முக்கால். நான்கு மணிக்கு அச்சக வண்டி வந்துவிடும். ஜன்னல் வெயில் ஆசிரியர் கெடஸின் மேஜையில் விழுகிறது. எஃபி லார்னி கதை எழுதி வரைந்த சிரிப்புப் பக்கம் அங்கே பளபளக்கிறது. ஓவியர் பெயர் இதழில் வரவே கூடாது, முதலாளி உத்தரவு. கெடஸ் வெள்ளை மையில் தூரிகையைத் தோய்த்து, கீழ் மூலையில் இருக்கும் கையெழுத்தை ஒரே இழுப்பில் அழிக்கிறார். "பதினோரு வருஷமா நீ போடுறே, நான் அழிக்கிறேன். அலுக்கலையாம்மா உனக்கு?" "கை தானா போட்டுடுது சார்" என்கிறாள் எஃபி, பரம சாதுவாக. மூலைக் கையெழுத்து அவர் கண்ணைத் திசைதிருப்ப வைத்த வெறும் தூண்டில். கடைசிக் கட்டத்தில் தலைமையாசிரியரின் கால்சட்டையைக் கவ்விக்கொண்டு ஒரு நாய் பறக்கிறதே, அதன் கழுத்துப்பட்டையில் எறும்பு அளவில் அவள் பெயர் இருக்கிறது. ஒரே ஒரு தடவையாவது அச்சில் வந்துவிடாதா! கெடஸ் பூதக்கண்ணாடியோடு கட்டம் கட்டமாக நகர்கிறார். "ஐயோ, வாத்தியார் முழிக்கிற முழியைப் பாரேன்!" குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். எஃபியும் சிரிக்கிறாள், கண் மட்டும் பூதக்கண்ணாடியின் மேலேயே இருக்கிறது. சட்டென்று அவர் சிரிப்பு நிற்கிறது. கண்ணாடி கழுத்துப்பட்டையின் மேல் நிற்கிறது. கீழே வண்டியின் ஹாரன் அலறுகிறது. கெடஸ் வெள்ளைத் தூரிகையை வைத்துவிட்டுக் கறுப்பு மைப் பேனாவை எடுக்கிறார். "இவ்வளவு மெல்லிசா எழுதினா நம்ம மட்டமான காகிதத்துல அச்சு விழுமா? இத்தனை வருஷமா என்னத்தைக் கத்துக்கிட்டே?" திட்டிக்கொண்டே, அவள் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் தடிமனாக்குகிறார்.