போன வருஷத்து ப்ராஜெக்ட்

“எங்களைப் பார்த்தா ஏமாளிங்க மாதிரி தெரியுதா?”

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்திலேயே கேட்டார் மேனேஜர். எண்ணூறு பெண்கள் வேலை பார்க்கிற தையல் தொழிற்சாலைக்கு மேனேஜர். அவர் குரலைக் கேட்டால் அங்கே எல்லோரும் எழுந்து நிற்பார்கள். இங்கே ஸ்டுடியோ முதலாளி எழுந்து நின்றார்.

“என்ன ஆச்சு சார்? முதல்ல உட்காருங்க.”

“உட்கார வரலை. எங்க ஆண்டு விழா வீடியோவைப் பண்ணது யாரு?”

முதலாளியின் கை, மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த எடிட்டர் பெண்ணை நோக்கி நீண்டது. பாராட்டு வந்தால் ‘நாங்க பண்ணினது’ என்பார். திட்டு வந்தால் கை மட்டும்தான் நீளும்.

மேனேஜர் பென் டிரைவை மேஜைமேல் எறிந்தார்.

“போன வருஷ வீடியோவையும் இந்த வருஷ வீடியோவையும் பக்கத்துப் பக்கத்துல ஓட்டிப் பார்த்தோம். அதே மியூசிக். அதே இடத்துல பேர் பறந்து வருது. ஆளுங்க மூஞ்சி மட்டும்தான் வேற. இதுக்கு என்னம்மா பேரு?”

“டெம்ப்ளேட் சார். போன வருஷ ப்ராஜெக்ட்டைத் திறந்து, பழைய காட்சிகளை எடுத்துட்டு, அந்தந்த இடத்துல புதுசைப் போடுவோம்.”

“எங்க ஊர்ல அதுக்குப் பேரு பித்தலாட்டம். வருஷம் பூரா உழைக்கிற பொம்பளைங்களுக்கு ஒரே ஒரு நாள் விழா. அதுலயும் பழசைத் துடைச்சுக் கொடுப்பீங்களா? மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாமா?”

“எனக்கே இது தெரியாது சார்” என்றார் முதலாளி.

வாய் கூசவில்லை அவருக்கு. ‘புதுசா எதுக்கும்மா மெனக்கெடறே, போன வருஷத்ததுலயே போட்டு நிரப்பிடு’ என்று பத்து நாள் முன்னால் அவளிடம் சொன்னதும் அதே வாய்தான்.

அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அவள் வேலையை நம்பி வீட்டில் அம்மாவும் தங்கையும் இருந்தார்கள்.

“இந்தப் பொண்ணு இங்க இருந்தா, எங்க வேலை இனிமே உங்களுக்குக் கிடையாது. யோசிச்சுக்குங்க” என்றார் மேனேஜர்.

முதலாளி யோசிக்கவே இல்லை. “நாளையிலேருந்து வர வேண்டாம்மா.”

அவள் முகம் சிவந்துபோனது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

“போறேன் சார். போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு காட்டிடறேன். மியூசிக்கை மாத்தலை, பேரு பறக்கறதை மாத்தலை, ஒத்துக்கறேன். ஆனா நீங்க மேடையில பேசும்போது கீழே எழுத்து ஓடுதே, அதையாவது புதுசா அடிக்கணும்னு உட்கார்ந்தேன். பழைய எழுத்தை அழிக்கறதுக்கு முன்னால சும்மா ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அங்கங்க ஒரு செகண்ட் தள்ளி வச்சதோட சரி, ஒரு எழுத்தைக்கூட மாத்த வேண்டி வரலை.”

திரையில் அந்த ஸ்டுடியோ எடுத்திருந்த மூன்று வருஷத்து விழா மேடைகளையும் வரிசையாக நிறுத்தினாள். மூன்றிலும் மேனேஜர். கோட்டு நிறம்தான் வேறு வேறு.

மூன்று மேனேஜர்களும் சேர்ந்தாற்போல் தொண்டையைச் செருமினார்கள். சேர்ந்தாற்போல் பேசினார்கள்.

“நம் சகோதரிகள் நின்றுகொண்டே சாப்பிடும் நிலை இனி இருக்காது. அடுத்த ஆண்டு விழாவுக்குள் உணவுக்கூடம் கட்டி முடிக்கப்படும். இது என் வாக்கு.”

கீழே ஒரே எழுத்து ஓடியது. மூவருக்கும் கச்சிதமாகப் பொருந்தியது.

“மதிய இடைவேளையில எடுத்த காட்சியும் இருக்கு சார். மூணு வருஷமும் சுவரோரமா நின்னுக்கிட்டுதான் சாப்பிடறாங்க. போடட்டுமா?”

“வேண்டாம், வேண்டாம்.”

மேனேஜர் பென் டிரைவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். வரும்போது இருந்த குரல் இப்போது இல்லை. முதலாளியின் தோளில் கைபோட்டு வாசல் பக்கம் அழைத்துப்போனார்.

“அந்தப் பொண்ணு இருக்கட்டும்ங்க, பாவம், நல்லா வேலை தெரிஞ்ச பொண்ணு. அந்த உணவுக்கூடம் வரியை மட்டும் மூணு வீடியோலேருந்தும் வெட்டிடச் சொல்லுங்க.”