முனையில் ஓடும் நிறம்

ஏழாயிரத்து எண்ணூறு ரூபாய்க் கண்ணால் கொல்லர் உளியின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வலது கண். புரை எடுத்துவிட்டு உள்ளே புது வில்லை வைத்த கண்.

பணம், குவாரியில் கல்லுடைக்கும் சின்னப்பிள்ளை என்பவள் கடனாகக் கொடுத்தது. ஆஸ்பத்திரியில் தேதி கிடைப்பதற்குள், அவள் கொண்டுவந்த உளிகளைக் காய்ச்சிக் கொடுத்தே முக்கால்வாசிக் கடனைக் கழித்துவிட்டார். மிச்சம் ஒரு கட்டு உளி.

அந்தக் கட்டுதான் திரும்பித் திரும்பி வருகிறது. கல்லில் வைத்து அடித்தால் முனை தெறிக்கிறது.

இன்று அவளே வந்து உலைக்கு எதிரில் குத்தவைத்துவிட்டாள்.

“கண்ணுக்குக் காசு குடுத்தேன். கண்ணு அவிஞ்சவன் காச்சுன உளி கணக்கால்லண்ணே இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை.

சிவந்த உளியின் நுனியை மட்டும் தண்ணீரில் விட்டு எடுத்தார். மணற்கல்லால் ஒரு தேய். முனை பளிச்சென்றது.

இனி தண்டில் இருக்கும் சூடு மெல்ல முனைக்கு இறங்கும். கூடவே நிறமும் இறங்கும்.

வைக்கோல். கருப்பட்டி. அப்புறம் கத்திரிப்பூ.

கத்திரிப்பூ தெரிந்ததும் தண்ணீரில் போட வேண்டும். முந்தினால் தெறிக்கும். பிந்தினால் மழுங்கும். இத்தனை வருஷத்தில் அவர் கை அதைத் தவறவிட்டதில்லை.

கத்திரிப்பூ.

போட்டார்.

சின்னப்பிள்ளை வாங்கிக் கல்லில் வைத்து ஓங்கி அடித்தாள். உளிமுனைச் சில்லு பறந்தது. அவள் கன்னத்தில் ஒரு கோடு. கோட்டில் ரத்தம்.

“செத்த மேல பட்டிருந்தா நானும் உன் ஆஸ்பத்திரிதாண்ணே.”

அடுத்த உளியையும் காய்ச்சி, நனைத்து, தேய்த்துப் பிடித்தார். நெற்றி வியர்வை புதுக் கண்ணில் இறங்கி எரிந்தது. துண்டால் பொத்திக்கொண்டு இடது கண்ணால் முனையைப் பார்த்தார்.

கருப்பட்டி.

துண்டை எடுத்தார். கத்திரிப்பூ.

பொத்தினார். கருப்பட்டி.

ஒரே முனை.

பார்த்துக்கொண்டே நின்றதில் நிறமெல்லாம் ஓடி உளி சாம்பல் நிறமாகிவிட்டது. திரும்ப உலையில் செருகினார்.

புரை வளர வளரப் பார்வையில் மஞ்சள் ஏறி, அந்த மஞ்சளுக்கு ஏற்றபடி கையும் கூடவே பழகியிருக்கிறது. அவருக்கே தெரியாமல்.

அதை அவளிடம் சொன்னார்.

“அப்ப பழைய கண்ணாலயே பாருண்ணே.”

“அதுல இருக்கிற புரையையும் புதன்கிழமை எடுத்துருவாக. விட்டா மொத்தமாப் போயிரும்னுட்டாக.”

துருத்தியை அவளே சுற்றினாள்.

இந்தத் தடவை வலது கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். இடது கண் கத்திரிப்பூ என்றது. அந்தக் கணத்தில் வலதைத் திறந்தார். கத்திரிப்பூவைத் தாண்டிய நீலம்.

மயில்கழுத்து.

போட்டார். அவள் அடித்தாள். கல்தான் தெறித்தது.

இன்னொன்று. அதற்கும் மயில்கழுத்து. அதுவும் நின்றது.

கட்டு குறைந்துகொண்டே வந்தது. கடைசி உளிக்கு, புதன்கிழமையை நினைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டார்.

வைக்கோல். கருப்பட்டி.

கத்திரிப்பூ.

கை தானாகத் தண்ணீர்ப் பக்கம் போனது. இழுத்து நிறுத்தினார். சொந்தக் கையை அவர் நம்பாமல் நின்றது இதுதான் முதல் தடவை.

போச்சு, போச்சு என்றது கை.

மயில்கழுத்து.

போட்டார்.

சின்னப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓர் அடி அடித்தாள். குனிந்து முனையைத் தடவிப் பார்த்தாள். அடுத்த அடிக்கு முகத்தைத் திருப்பவில்லை.

உளிகளைச் சாக்கில் சுற்றிக் கட்டினாள்.

“நமக்குள்ள சரியாப் போச்சுண்ணே.”

அவர் தலையாட்டினார்.

இடது கண்ணை இன்னும் திறக்கவில்லை.