இலைக்குள் எழுத்து

சிதம்பரத்தில் கல் பரிசோதிக்கும் ராஜவேல், அந்தச் சீன ஜேட் பதக்கத்தை லென்ஸில் பார்த்தார்.

“கல்லு அசல்தாம்மா. ஆனா பழசு இல்ல. பழசுன்னா கைபட்டுக் கைபட்டு, செதுக்குன ஓரமெல்லாம் மழுங்கியிருக்கும். இது கூரா இருக்கு. யாரு குடுத்தது?”

“ஹாங்காங்லேர்ந்து பார்சல் வந்துச்சு. எங்க வூட்டுக்காரர் வாங்கி வச்சிருந்த நூறு வருஷப் பழசுன்னு அவர் கூட்டாளி அனுப்பியிருக்காரு” என்றாள் லால்பேட்டை அஜீசுன்னிசா.

“இதுல செதுக்குன இலைக்கு நடுவுல பொடிசா அரபு எழுத்து இருக்கு. பாருங்க.”

குனிந்து படித்தாள். “தவ்ஹீத். எம் பேரன் பேரு.”

“என்ன வயசு?”

“ரெண்டு.”

“அப்ப, உங்க வூட்டுக்காரர் பேரனுக்குன்னு ஆசையா செதுக்கக் குடுத்திருக்காரு.”

அஜீசுன்னிசா பதக்கத்தைக் கைக்குட்டையில் முடிந்தாள்.

“அவர் அங்க மவுத்தாயிட்டாருன்னு இதே கூட்டாளி போன் பண்ணி, நான் விதவையா வூட்டுக்குள்ளயே இத்தா இருந்தே அஞ்சு வருஷம் ஆச்சு.”