மூக்கில்லாத காவல்

செவலை நாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டு கேட்டைக் காக்க இரும்பு நாய் வந்துவிட்டது. இனி ஆசை தீர ஊர் சுற்றலாம். வாலை ஆட்டியபடியே வேலையை விளக்கியது.

"ரொம்ப சுலபம். யார் வந்தாலும் மோந்து பாரு. நம்ம ஆளுன்னா பச்சைப் பொத்தானை அழுத்து, கேட் திறக்கும். இல்லேன்னா சிவப்பு, சைரன் அலறும்."

"பதிஞ்சுக்கிட்டேன் அண்ணே."

செவலை தெருத்தெருவாக ஓடி, குளத்தில் குதித்து, பசியோடு திரும்பியது. சைரன் அலறியது.

"டேய், நான்தான்டா."

"இருக்கலாம் அண்ணே. மோந்து பார்க்க எனக்கு மூக்கு இல்லை. நம்ம ஆளுங்க பார்க்க எப்படி இருப்பாங்க? உங்ககிட்டேருந்தே ஆரம்பிங்க."

செவலை உற்சாகமாக வாயைத் திறந்தது. தன்னைப் பற்றித் தனக்குத் தெரிந்ததெல்லாம் தன் வாசனை மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.