தங்கப்பூண் தடி

"ஏங்க, அந்தத் தடியை வீட்லயே வெச்சுட்டு வாங்க. ஊரே சிரிக்கும்!"

டீச்சர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், கணவர் கண்ணாடி முன் நின்று தங்கப்பூண் போட்ட கைத்தடியைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் ஓடுகிற பஸ்ஸைத் துரத்திப் பிடிக்கக்கூடிய கால்கள். நூலகத்திலிருந்து பழைய நாவல்களாக அள்ளி வந்து படித்ததில் பிடித்த கிறுக்கு இது. போன வாரம் தடியும் கையுமாக வந்து நின்றார். காலையில் எழுந்ததும் பூணைத் துணியால் துடைப்பதுதான் முதல் வேலை. அது முலாம் பூசிய பித்தளை என்பது வேறு விஷயம்.

"உனக்கு என்ன தெரியும்? அந்தக் காலத்துக் கதைல தங்கப்பூண் தடி இல்லாத பெரிய மனுஷனே கிடையாது. தரையில ரெண்டு தட்டு தட்டினா போதும், வேலைக்காரன் ஓடி வந்து நிப்பான்."

"நீங்க தட்டினா கீழ் வீட்டுக்காரர்தான் சண்டைக்கு வருவார். அளவுகூடப் பார்க்காம வாங்கியிருக்கீங்க. ஆறடி ஆளுக்கு இந்தக் குட்டைத் தடியா?"

"இதுதான் ஃபேஷன்" என்றார் அவர், லேசாகக் குனிந்து ஊன்றியபடி.

டீச்சருக்கு எரிச்சலாக வந்தது. முப்பத்து மூன்று வருடம் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். 'நிமிர்ந்து நட!' என்று அவர் போட்ட சத்தத்தில் முதுகு நேரான பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தப் பிள்ளைகள்தான் இன்றைக்குப் பள்ளியில் பாராட்டு விழா வைத்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் பழைய மிடுக்கோடு மேடை ஏற வேண்டும், அவ்வளவுதான் ஆசை. மேடைக்கு எத்தனை படி என்றுகூட நேற்றே விசாரித்து வைத்திருந்தார். கூட இப்படி ஒரு கோமாளி வந்தால் காரியம் கெட்டுவிடாதா?

கதவைப் பூட்டும்போது, "கொஞ்சம் இதைப் பிடி" என்று தடியை டீச்சர் கையில் திணித்தார் கணவர். சாவியை எந்தப் பையில் போட்டோம் என்று மூன்று மாடியும் இறங்கும்வரை தடவிக்கொண்டே வந்தார். பள்ளி வாசலில், "பிடி, செருப்பு வார் அவிழ்ந்துடுச்சு." மைதானத்தைக் கடக்கும்போது, "பிடி, போன் வருது."

"தடி உங்களுக்கு, தூக்கறது நானா? நல்ல கூத்து!"

அரங்கத்துக்குள் நுழைந்து உட்கார்வதற்குள் மேடைக்கு அழைத்துவிட்டார்கள். தடியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பார்த்தால், மனிதர் கூட்டத்துக்கு நடுவில் இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்து, படம் எடுக்கத் தயாராக நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டு டீச்சர் தடியோடு ஐந்து படியும் ஏறினார். நிமிர்ந்துதான் ஏறினார்.

கைதட்டல் காதைப் பிளந்தது. "டீச்சர், மகாராணி மாதிரி இருக்கீங்க!" என்று கத்தினாள் ஒருத்தி.

பூங்கொத்து கொடுக்க வந்தவன், ஒரு காலத்தில் வரிசையில் நிற்கவே நிற்காத 'வாலு'. இப்போது மரச்சாமான் பட்டறை வைத்திருக்கிறான். குனிந்து தடியின் அடிமுனையைப் பார்த்தான்.

"உயரம் சரியா இருக்கா டீச்சர்? சார் உங்க அளவைத்தான் எடுத்துட்டு வந்து கொடுத்தார். முட்டிக்காக டாக்டர் கொடுத்த தடியை நீங்க பரண்ல தூக்கிப் போட்டுட்டீங்களாமே? 'அவளுக்குன்னு சொன்னா தொடவே மாட்டா, எனக்குன்னு சொல்லிக்கறேன்'னார்."

மூன்று மாடியும் வாசலும் மைதானமும் டீச்சர் கண்முன் வரிசையாக வந்து நின்றன. கீழே பார்த்தார். பிறகு தங்கப்பூண் தடியை மேடைப் பலகையில் 'டொக், டொக்' என்று இரண்டு தட்டு தட்டினார்.

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கூட்டத்தை விலக்கியபடி ஓடி வந்து நின்றார் கணவர்.