தரைக்குக் கீழே

பெருச்சாளி ஒன்று கால்பந்து கிளப் வைத்திருந்தது. ஆடுகள் ஓடி ஆடும், கழுதை கோல் காக்கும். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் நெல் முழுவதும் பெருச்சாளிக்கு.

ஒருநாள் அது கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "எனக்கு நஷ்டம்தான், பிள்ளைகளா. பட்டினி கிடந்து உங்களுக்குத் தீனி போட்டேன். இனி தாங்காது, கிளப்பை முள்ளம்பன்றிக்கு வித்துடப் போறேன்."

"பட்டினி கிடந்த வயிறு இப்படியா தொங்கும்?" என்று ஒரு கிடா முணுமுணுத்தது.

நாளெல்லாம் ஒரே இடத்தில் நிற்கிற கழுதைக்குத் தரையின் சங்கதி தெரியும். பெருச்சாளி மைதானத்துக்கு அடியில் வளை தோண்டி நெல்லை அடைத்து வைத்திருந்தது. போன மழையில் ஒரு வளை உள்வாங்கித்தான் ஒரு வெள்ளாட்டுக்குக் கால் ஒடிந்தது. மறுநாளே பெருச்சாளி அந்த வெள்ளாட்டை விரட்டிவிட்டதைக் கழுதை மறக்கவில்லை.

முள்ளம்பன்றி மைதானம் பார்க்க வந்தது. பெருச்சாளி அதை ஓரமாகவே கூட்டிப் போனது.

"ஏன் மாமா விக்கிறீங்க?"

"வயசாயிடுச்சு, மாப்பிள்ளை. ஓரமா வாங்க, புல்லு மிதிபடும்."

உண்மை தெரிந்தால் புது முதலாளி குழிகளை மூடிவிடும், இன்னொரு கால் ஒடியாது என்று கழுதை நம்பியது. அவர்கள் கோல் பக்கம் வந்ததும் பின்னங்காலால் தரையை ஓங்கி உதைத்தது. தரை பொத்தென்று உள்ளே போய், நெல் தெரிந்தது.

முள்ளம்பன்றி குனிந்து வெகுநேரம் பார்த்தது.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே, மாமா" என்றது. "என் கிழங்கையெல்லாம் எங்கே ஒளிக்கிறதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். உள்ளே இன்னும் எவ்வளவு கொள்ளும்?"